என்னைச் சேர்க்காமல் பதினொன்று

4,316. பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர் இந்த எண்ணைச் சொல்லிவிடுகிறார். இத்தனை முறை கடலுக்கடியில் போய்த் திரும்பியிருக்கிறார். படகின் பின்பக்கத்தில், சிலிண்டர் வரிசையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு, இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரையும் இடமிருந்து வலமாக ஒரு முறை பார்க்கிறார். பிறகு வலமிருந்து இடமாக ஒரு முறை. அதற்குப் பிறகுதான் பேச்சு.

"மீன் பாக்குறது உங்க அதிர்ஷ்டம். ஆமை வந்தா அது இஷ்டம். பதினொரு பேரக் கூட்டிட்டுப் போயி பதினொரு பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வர்றது மட்டும்தான் என் பொறுப்பு. இந்தப் பதினொண்ணுல நான் கிடையாது. யார் எண்ணினாலும் என்னைச் சேக்காம எண்ணுங்க."

ஆங்கிலத்தில் இந்த அறிமுகத்தை அவர் இரண்டாயிரம் தடவைக்குக் குறையாமல் ஒப்பித்திருப்பார். சரியாக நான்கு நிமிடம் வரும். இரண்டு இடத்தில் சிரிப்பார்கள். தமிழில் செய்வது இதுதான் முதல் முறை. வெவ்வேறு நாடுகளில் வேலை பார்க்கிற பதினொரு தமிழர்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி எங்காவது கடலில் இறங்குவார்கள். இந்த ஆண்டு அவர் பயிற்சியாளராக வேலை செய்யும் ஸ்கூபா கடைக்கு வந்திருந்தார்கள். திங்கள் முதல் வியாழன் வரை. "வணக்கம்" என்று தொடங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். சுக்கானைப் பிடித்திருந்த படகோட்டி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "என்ன கணக்குப்பிள்ளை, பரீட்சையில கேள்வி மாறிப்போச்சா?"

அந்தப் படகோட்டியும் கடல் தாண்டி வந்த தமிழர்தான். கணக்குப்பிள்ளை என்பது அவர் வைத்த பெயர். கடலில் இறங்க வருகிறவர்களுக்கு இவர் மாஸ்டர்.

மாஸ்டருக்கு வயது நாற்பத்தேழு. வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முடி உப்பில் ஊறிச் செம்பட்டை ஏறியிருக்கிறது. நெற்றியில் மாஸ்க் அழுத்திய கோடு, அதைக் கழற்றிய பிறகும் பாதி நாள் நிற்கிறது. மீசையின் மேல்வரியை மட்டும் தினமும் மழிக்கிறார். மயிர் இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, தண்ணீர் கசியும். மிச்சமிருக்கும் அந்தக் கீழ்வரியை வைத்து வீட்டில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. கொழுந்தியாள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு மட்டும் மீசையைத் தவணை முறையில குடுத்திருக்காங்க" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவரும் சிரிக்கிறார். ஆனால் மீசையை முழுதாக எடுத்துவிடவும் மனம் இல்லை.

அவருடைய படகில் சட்டங்கள் மூன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். தண்ணீரிலிருந்து ஏறியதும் அவர் எண்களை வரிசையாகக் கூப்பிடுவார். அவரவர் எண்ணுக்கு அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டுவது, கைதூக்குவது எல்லாம் செல்லாது. மூன்றாவது சட்டம்தான் எல்லாவற்றிலும் கடுமையானது: ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. "புருஷனுக்காகப் பொண்டாட்டி சொல்லக் கூடாது. அவர் பக்கத்துல உக்காந்து உங்க தோள்லயே சாஞ்சிருந்தாலும் அவர்தான் சொல்லணும்."

நான்காம் எண் ஒரு பள்ளி ஆசிரியை. ஐந்தாம் எண் அவர் கணவர். ஆசிரியை கேட்டார், இது என்ன மாஸ்டர், நான் வகுப்பில் எடுக்கிற வருகைப் பதிவைவிடக் கண்டிப்பாக இருக்கிறதே என்று. ஆங்கில அறிமுகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறாராம். தமிழில் அது நாக்கில் வரவில்லை. நடந்ததையே சொல்லிவிட்டார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால், இதே பின்தட்டு. அன்றைக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஏறியானதும் தலைகளை எண்ணினார். பன்னிரண்டு. படகு கிளம்பிவிட்டது. நாற்பது நிமிடம் கழித்து, கரை நெருங்கும்போது, பலகையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு கேட்பாரற்றுக் கிடந்தது. ஒவ்வொருவரிடமும் காட்டினார். யாருடையதும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது: பன்னிரண்டாவது தலை அவருடையது. தன்னையும் சேர்த்து எண்ணியிருந்தார்.

திரும்பிப் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம் தனியாக அலைகளில் மிதந்திருந்தார். ஏற்றியதும் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்து நின்றார் மாஸ்டர். அந்த மனிதர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் இல்லங்கறது உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியலையான்னு கேட்டாரும்மா. வேற ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் என்னை எதுலயும் சேத்து எண்ணுறதில்ல."

அதிலிருந்து வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணி முடிக்கும்வரை அவர் சிலிண்டரை முதுகிலிருந்து இறக்குவதில்லை. கடைசி ஆளாக ஏறி, முழங்காலில் அலை அடிக்க, பதினைந்து கிலோ பாரத்தோடு நின்றபடி கூப்பிடுவார். பதினொன்று என்று பதில் வந்த பிறகுதான் வாரை அவிழ்க்கிறார்.

கடையின் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் இயந்திரத்துக்கு அடுத்த அறை அவருடையது. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, ஆணியில் தொங்கும் இரண்டு ரப்பர் உடைகள். ஒவ்வோர் இறக்கத்தையும் குறித்துவைக்கும் லாக் புக்குகள் பதினெட்டும் சுவரோரம் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கின்றன. எல்லாம் பென்சிலில் எழுதியவை; ஈரம் பட்டால் மை ஓடிவிடும், பென்சில் ஓடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் பேசுவார். மனைவி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறார். மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு. மகள் இந்தப் போனுக்கு வைத்திருக்கும் பெயர் 'அட்டெண்டன்ஸ்'.

போன முறை விடுமுறையில் போனபோது குடும்பமாக வெளியூர் கிளம்பினார்கள். வேனில் பதின்மூன்று இருக்கை. மைத்துனர் ஏறி எண்ணினார். பதின்மூன்று தலைகள் சரியாக இருந்தன. எல்லாரும் வந்தாச்சு என்று டிரைவரிடம் சொன்னார். தெருமுனை திரும்பும்போதுதான் மகள் கத்தினாள், அப்பா எங்கே என்று. அப்பா வீட்டு வாசலில் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு மாஸ்டர் சேர்த்துக்கொண்டார்: "அவங்க மேல தப்பில்ல. வருஷத்துல பதினொரு மாசம் அந்தக் கணக்கு சரிதானே."

போனை அவர் இடக் காதில்தான் வைக்கிறார். அடுத்த அறை இயந்திரம் நின்றுவிட்டதா ஓடுகிறதா என்று படகோட்டியிடம் கேட்கிறார். அறிமுகத்தின்போது எல்லோரையும் படகின் ஒரே பக்கத்தில், தன் இடக்கை ஓரமாக உட்காரச் சொல்கிறார். படகு சாய்கிறது என்று படகோட்டி முணுமுணுப்பார். ஆனால் மாற்றி உட்காரச் சொல்ல மாட்டார். காரணம் அவருக்குத் தெரியும். அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் சளியோடு கடலில் இறங்கியதில் மாஸ்டரின் வலக் காது போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஓர் ஓயாத இரைச்சல் உண்டு. அதைத் தவிர அந்தக் காதில் வேறெதுவும் கேட்பதில்லை; வலப்பக்கமிருந்து வரும் சத்தத்தை இடக் காதுக்கு எட்டுமுன் அந்த இரைச்சலே விழுங்கிவிடும்.

கடலில் இறங்கத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வேலை. வேலை இருந்தால்தான் அந்த நாட்டில் இருக்க அனுமதி. போன வருடம் படிவத்தில் 'காதில் கோளாறு உண்டா' என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். டாக்டரும் மேலே கேட்கவில்லை. அந்தக் கையெழுத்து அடுத்த மாதம் ஒன்பதாம் தேதியோடு காலாவதி.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் இறக்கம். பதினெட்டு மீட்டர் ஆழம், தண்ணீர் கலங்கல். ஏழாம் எண்ணான பல் டாக்டருக்குக் காலையிலிருந்தே குமட்டல். எல்லோருக்கும் முன்பாக ஏறியவர் சிலிண்டரை அதன் இடத்தில் நிறுத்திவிட்டுப் படகின் முன்பக்கம், வலது ஓரத்தில் இருந்த கழிவறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக மாஸ்டர். ஏணியில் நின்றபடி கூப்பிடத் தொடங்கினார்.

ஒன்று முதல் ஆறு வரை வந்தது. "ஏழு?"

"ஏழு" என்றார் பல் டாக்டர், கழிவறைக்குள்ளிருந்து. எல்லோருக்கும் கேட்டது.

"ஏழு?" என்று மறுபடி கேட்டார் மாஸ்டர்.

"ஏழு, ஏழு." இரண்டு பேர் சிரித்தார்கள். வயிற்றைக் காலி செய்கிற மனிதரிடமும் விடாமல் வருகைப் பதிவு எடுக்கிறாரே என்று நினைத்த சிரிப்பு.

மூன்றாம் முறை கேட்டபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். குரல் வேறாக இருந்தது. ஏழு என்று உள்ளிருந்து மீண்டும் பதில் வந்தது. உள்ளே இருக்கிறார் என்று பத்துப் பேரில் ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது என்பது முந்தின நாள்தான் கேட்ட சட்டம். அதற்கான கதையையும் கேட்டிருந்தார்கள். ஏழாம் எண் சிலிண்டர் அதன் இடத்தில் நிற்பதை மாஸ்டர் பார்க்கவில்லை. பயம் வந்துவிட்டால் அவர் கண்ணுக்குத் தலைகள்தான் தெரியும். பாரம் இன்னும் முதுகிலேயே இருந்தது. மாஸ்கை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரே எட்டில் தண்ணீருக்குள் போய்விட்டார்.

பிறகு பத்துப் பேரும் கத்தினார்கள். அது யாருக்கும் உதவவில்லை.

கூச்சல் கேட்டு இன்ஜின் குழியிலிருந்து ஏறிய படகோட்டி பெரிய ஸ்பேனரோடு ஓடிவந்து ஏணியின் இரும்புக் காலில், தண்ணீருக்குக் கீழே, டங் டங் என்று அடித்தார். மேலே வா என்பதற்கான அடையாளம் அது. ஆறு நிமிடம் அடித்தார். தண்ணீருக்குள் ஓசை எலும்பு வழியாகவும் போகுமாம். அவர் மேலே வந்தபோது மாஸ்கின் கீழ்ப்பாதியில் இரத்தம் நின்றது. மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதி ஊதி மெல்ல இறங்க வேண்டிய ஆழத்துக்கு, எதுவும் செய்யாமல் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறார். ஏறி நின்று பார்த்தால், பல் டாக்டர் ஈரத் துண்டோடு எதிரே நிற்கிறார்.

"இங்கதான் இருக்கேன் மாஸ்டர். மூணு தடவை சொன்னேனே."

மாஸ்டர் வாரை அவிழ்த்துப் பாரத்தை இறக்கினார். உட்கார்ந்தார். எல்லோருக்கும் பாதி புரிந்திருந்தது. ஆசிரியை எழுந்து அவருடைய வலப்பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், தண்ணி வேணுமா மாஸ்டர் என்று கேட்டார். அவர் திரும்பவில்லை. ஆசிரியை சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து அதே குரலில் அதையே கேட்டார்.

"வேணாம்மா" என்றார் மாஸ்டர். பிறகு, ஆசிரியை எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறார் என்பதைக் கவனித்தார்.

முதலில் தொடங்கியது படகோட்டிதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே எதுவும் கேட்கவில்லை என்றார். இன்ஜின் அணைந்துதான் இருந்தது. உடனே பல் டாக்டர், தான் சொன்னதே முனகலாகத்தான், கதவு வேறு சாத்தியிருந்தது, தப்பு தன்னுடையது என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். ஆசிரியையின் கணவர் ஒரு படி மேலே போய், அலைச்சத்தம் என்று போட்டுவிடலாம் என்றார். கடல் கண்ணாடிபோல் கிடந்தது. பதினொரு பேரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தைத்து முடித்து, அளவு சரியாக இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்றபடி எழுதினா கணக்கு சரியாத்தான் வரும்" என்றார் மாஸ்டர். "அன்னிக்கும் சரியாத்தான் வந்துச்சு."

பையிலிருந்து லாக் புக்கை எடுத்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார். இரண்டாம் இறக்கம், பதினெட்டு மீட்டர். பதினொருவர் திரும்பினர். ஏழாம் எண் மூன்று முறை பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மொத்தம் என்ற கட்டத்தில் 4,320 என்று போட்டார். ஆறு நிமிடம் இல்லாத ஆளைத் தேடிப் போனதை அதில் சேர்க்கவில்லை.

அதைக் கடையின் முதலாளியம்மாவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் தமிழ் தெரியாதவர் என்பதால் மாஸ்டர் வரி வரியாக மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் இரண்டு கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக என்பது ஒன்று. படகோட்டிக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னார். இரண்டாவதற்குத் தெரியாது என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். காது டாக்டரின் கையெழுத்து வரும்வரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று அம்மாள் சொல்லிவிட்டார். டாக்டர் இருப்பது வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து நகரத்தில். வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்தது.

புதன்கிழமை பக்கத்துக் கடையிலிருந்து வேறொரு பயிற்சியாளர் வந்தார். அவருடைய அறிமுகம் நாற்பது விநாடியில் முடிந்தது. மாஸ்டர் கரையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பினார். இயந்திரத்தின் மேல் கையை வைத்து, அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மதியம் வீட்டுக்குப் பேசியபோது விஷயத்தைச் சொன்னார். எந்தக் காது என்று மனைவி கேட்கவில்லை. "வலது காதுதானே. போன தடவை வந்தப்பவே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாராம். ஊருக்கே வந்துவிட்டால் வேனில் இன்னொரு சீட் போடச் சொல்கிறேன் என்றும் சொன்னாராம். இதைப் படகோட்டியிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: "தரையில எனக்கு என்ன வேலைண்ணே தெரியும்?"

படகோட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.

மாலை படகு திரும்பும்போது மாஸ்டர் துறைமேடையின் நுனியில் நின்றிருந்தார். உதடுகள் அசைந்தன. பதினொன்றில் நின்றன. பிறகுதான் உள்ளே போனார்.

வியாழக்கிழமை காலை, ஊர் திரும்புகிற பதினொரு பேரும் அதே படகில் பெட்டிகளோடு ஏறினார்கள். நகரத்துத் துறைவரை ஒரே பயணம். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவும் போட்டு வந்திருந்தார். முதல் தடவையாகப் பலகையில், மற்றவர்களோடு, வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். மீசையின் மேல்வரியை அன்றும் மழித்திருந்தார். சிலிண்டர் வரிசை காலியாக இருந்தது.

எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் படகோட்டி சுக்கானை விட்டு வந்து பின்தட்டில் நின்றார். ஒன்று என்று கூப்பிட்டார். ஒன்று என்றது பலகை. ஏழு என்பதைப் பல் டாக்டர் தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். பதினொன்று ஆயிற்று. படகோட்டி கிளம்பவில்லை. பெட்டிகளைத் தாண்டி, மாஸ்டரின் இடப்பக்கமாகப் போய் நின்றார்.

"பன்னெண்டு?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது.

மாஸ்டர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"கையெல்லாம் செல்லாது, கணக்குப்பிள்ளை. வாயால சொல்லணும். உங்க சட்டம்தான்."

அவர் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தார்.

"பன்னெண்டு" என்றார்.

படகோட்டி கட்டை அவிழ்த்தார். காது டாக்டர் பத்தேகாலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.